அட்டை அன்ரி

யாரையும் நம்பாதவர் என்று சிலரைப் பற்றிச் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். அன்ரி உண்மையிலேயே யாரையும் நம்பவில்லை. எங்கள் கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைக்கூட நம்பமாட்டார். தன் கையில் கட்டியிருந்ததைப் பார்ப்பார், பிறகு என்னிடமும் நேரம் கேட்பார். மூன்றும் ஒத்துவந்தால்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

கண்டிச் சந்தைக்குப் பின்னால் போகும் குறுக்கு வீதியொன்றில் எங்கள் கடை. கடதாசி, கொப்பி, கலியாணக் காட் விற்போம். கணவரின் வாப்பா தொடங்கிய கடை. நான் அலவத்துகொடயிலிருந்து கலியாணம் முடித்து வந்து, கொஞ்ச நாளிலேயே காட் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டேன். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. குட்ஷெட் பஸ் நிலையத்தில் பைகளைத் திறந்து காட்டாமல் யாரும் பஸ் ஏற முடியாது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரர் என்றால் பையைத் திறந்த பிறகும் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு நாளில்தான் அன்ரி வந்தார். ஐம்பது கடந்த வயது. பருத்திச் சேலை, தோளில் கனமான பை. "இருங்க அன்ரி" என்று கதிரையைக் காட்டினேன். கதிரையைத் தட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வாழ்த்து அட்டைகள் சிலவற்றை எடுத்தார், ஆனால் என் கையில் தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு காட்டினார்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை அட்டைதான். சாய்த்துப் பிடித்ததும் வெளிச்சம் பட்டு ஒரு கொடி எழும்பியது. இலையும் பூவும் கடதாசிக்குள்ளிருந்தே முளைத்து வந்த மாதிரி. ஒரு பொட்டு மை இல்லை.

"இது சீனாவிலயிருந்து வாறதுதானே?" என்றேன்.

அன்ரி அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். முன்னால் எழும்பிய பூ, பின்னால் குழியாக இருந்தது. "பின்பக்கத்தைப் பாருங்கோ பிள்ளை. கொம்பனிச் சாமான் எண்டால் இதுக்கு மேல ஒரு தாள் ஒட்டி மூடியிருப்பாங்கள். இது என்ரை கையால செய்தது."

"அப்ப ஒன்னைச் செஞ்சு காட்டுங்களேன்."

"காட்டினால் நாளைக்கு நீங்களே செய்வியள்."

அந்த முதல் நாளிலேயே எங்களுக்குள் கணக்கு நேராகிவிட்டது. அவர் செய்ததென்று நான் நம்பவில்லை. நான் களவெடுக்கமாட்டேன் என்று அவரும் நம்பவில்லை. இருந்தாலும் அட்டைகளை வைத்துவிட்டுப் போனார். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றின் மூலையிலும் நகத்தால் ஒரு சின்னக் கீறல் போட்டார். மாற்றி வைத்தால் தெரியுமாம்.

எல்லாம் விற்றுப்போயின. வெள்ளைக்காரர் வாங்கினார்கள், கன்னியாஸ்திரிகள் வாங்கினார்கள், பெருநாளைக்கு அக்குறணை முஸ்லிம் குடும்பங்கள் வாங்கின. என் கணவர்தான் 'அட்டை அன்ரி' என்று பெயர் வைத்தார். மழைக்காலத்தில் காலில் ஏறுகிற அட்டையையும் சேர்த்துத்தான். ஒரு கேள்வியைப் பிடித்தால் இரத்தம் வரும்வரை விடமாட்டார் என்பது இவருடைய குற்றச்சாட்டு.

உண்மைதான். புதுக் கடதாசி வாங்க வந்தால் முகர்ந்து பார்ப்பார், காதுக்குப் பக்கத்தில் உதறிப் பார்ப்பார், விளிம்பைக் கிழித்து உள்நிறம் பார்ப்பார். "மேல சிவப்பு, உள்ளுக்கை வெள்ளை. இது நல்லம்" என்பார். ஏன் நல்லது என்று சொல்லமாட்டார். அடுத்த கிழமை அதே சிவப்புக் கடதாசி பூவேலை எழும்பி, பூவின் மேடு மட்டும் வெள்ளையாகத் திரும்பி வரும். மேட்டை மெல்லிய உப்புக் கடதாசியால் தேய்த்து மேல் நிறத்தை எடுத்திருக்கிறார் என்பது விரலால் தடவிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் தடவுவதைக் கண்டதும் அட்டையைப் பறித்துவிட்டார்.

ஒரு தடவை பெருநாள் நெருக்கத்தில் ஒரு பெண் வந்து அன்ரியின் அட்டைகளில் வகைக்கு ஒன்று வாங்கினாள். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. அன்ரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதும், "உவ விலையைப் பாக்கேல்லை. திருப்பித் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பாத்தவ. உவ வேற கடை ஆள்" என்றார். நான் சிரித்தேன். அடுத்த மாதம் பெரிய தெருக் கடையொன்றின் கண்ணாடிக்குள் அதே கொடி, அதே பூ. அழுத்தம் போதாமல் மங்கலாக இருந்தது. ஆனால் கொடி அதேதான். அதற்குப் பிறகு அன்ரியின் சந்தேகத்தைப் பார்த்துச் சிரிப்பதை நான் குறைத்துக்கொண்டேன்.

அவர் எப்போதாவதுதான் தன்னைப் பற்றிப் பேசுவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவர் என்றும், எண்பத்து மூன்றுக் கலவரத்தில் இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள் என்றும் துண்டு துண்டாகத் தெரியும். ஒருநாள் வெளியே அடை மழை. போக முடியாமல் நின்றவர், தானாகவே சொன்னார்.

"வீட்டைக் காட்டிக் குடுத்தது ஆர் தெரியுமோ? ஒவ்வொரு நாளும் விடிய எங்கட பேப்பரை இரவல் வாங்கிற மனுசன். அண்டைக்கும் வாங்கினவர். வாசிச்சு முடிச்சு, மடிச்சு, நன்றியும் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"நீங்க கண்டீங்களா அன்ரி?"

"அவங்கள் வரேக்கை முன்னுக்கு வந்தது அவர்தான், பிள்ளை."

பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

அவர் குடியிருந்தது நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில். வீட்டுக்கார அக்கா தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், புருஷன் இல்லை. எங்கள் கடையில்தான் மகளுக்குக் கொப்பி வாங்குவார். வடக்கு அடையாள அட்டைக்காரருக்கு அறை கொடுக்க அந்த நாட்களில் ஆளில்லை. அந்த அக்காதான் துணிந்து கொடுத்தார்.

"நல்ல அம்மாங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஆனா கதவச் சாத்திக்கிட்டு என்னமோ சுத்துறாங்க. கிரீச்சு கிரீச்சுன்னு சத்தம் வருது. கேட்டா, 'உமக்கு என்னத்துக்கு'ன்னு சொல்றாங்க. ஆனா சோறு மட்டும் எங்கூடதாங்க சாப்பிடுறாங்க. நான் மொதல்ல ஒரு வாய் வைக்கணும், அதுக்கப்புறம்தான் அவங்க."

அந்த வருஷ மழைக்காலத்தில் அன்ரி கொண்டுவந்த அட்டைகள்தான் அவர் செய்ததிலேயே அழகானவை. பூ இல்லை, கொடி இல்லை. வெறும் புள்ளிகள். சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பி, ஒரு பக்கம் அடர்ந்து, ஒரு பக்கம் கலைந்து, சாய்வாக இறங்கும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் மழை. கண்ணை மூடித் தடவினாலும் மழை. எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் பாதர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தடவினார்.

கொழும்பில் எங்கோ குண்டு வெடித்து அடுத்த கிழமை, அன்ரியைப் பொலிஸ் கொண்டுபோனது.

வீட்டுக்கார அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். மேல்மாடி அறையைத் திறந்திருக்கிறார்கள். இரும்பு உருளை வைத்து, கைபிடி வைத்து ஒரு இயந்திரம். பக்கத்தில் அட்டி அட்டியாக, எழுத்தில்லாத, புள்ளி மட்டும் போட்ட வெள்ளைக் கடதாசி. புள்ளிகளைத் தடவிப் பார்த்த ஒருவர், "இது இரகசிய எழுத்து" என்றிருக்கிறார். இன்னொருவர், அடையாள அட்டைக்கு முத்திரை குத்துகிற இயந்திரம் என்றிருக்கிறார். இரண்டில் எது உண்மையென்றாலும் அன்ரி திரும்பி வரமாட்டார்.

என் கணவர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். எனக்கு இவரை நினைத்தும் பயம். "நீங்க போனா உங்களையும் புடிச்சு வெச்சுக்குவாங்க" என்றேன். "அந்த அட்டைய வித்தது எங்கட கடை. போகாட்டித்தான் புடிப்பாங்க" என்றார். நானும் கூடப் போனேன். மழை அட்டைகளில் மிச்சமிருந்ததை, விலை ஒட்டியபடியே எடுத்துக்கொண்டு போனோம்.

பொலிஸ் நிலையத்தில் அன்ரி மர வாங்கில் நேராக உட்கார்ந்திருந்தார். மேசையில் அந்த இயந்திரம். அன்றைக்குத்தான் நான் அதை முதன்முதலாகக் கண்டேன். இடியப்ப உரலை விடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில், சின்னக் கொப்பி மாதிரித் திறந்து மூடுகிற பிளாஸ்டிக் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் அதே இடத்தில் பள்ளம்.

மேசைக்குப் பின்னால் இருந்த பொலிஸ் பெரியவர் சிங்களத்தில், "இது விளையாட்டுச் சாமான் என்றால் செய்து காட்டச் சொல்லு" என்றார்.

அன்ரி என்னைப் பார்த்தார். எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கேட்பாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் எழும்பினார். பெரியவரின் மேசையில் கிடந்த சிகரெட் பெட்டியைக் காட்டி, உள்ளே இருக்கும் வெள்ளிக் கடதாசியைக் கேட்டார். அதைத் தகட்டுக்குள் வைத்து மூடி, உருளைக்குள் கொடுத்து, கைபிடியைச் சுற்றினார். கிரீச்சென்றது. வெளியே வந்தபோது வெள்ளி முழுக்கப் பூ. பக்கத்தில் நின்ற கொன்ஸ்தாபிள், "ஷா!" என்று வியந்தார்.

அடுத்து, பச்சை மைப் பட்டையைக் கேட்டார். அங்கே முத்திரைக்கு வைத்திருந்தது. தகட்டின் பள்ளப் பக்கத்தில் மெல்ல ஒற்றி, வெள்ளைக் கடதாசியை வைத்துச் சுற்றினார். மை பள்ளத்துக்குள் போகவில்லை. சுற்றிவரப் பச்சை, நடுவில் வெள்ளைப் பூ. பிறகு ஒரு தாளில் தண்ணீரை விரலால் தெளித்து ஈரமாக்கினார். "ஈரம் இல்லாட்டிக் கரை வெடிக்கும்" என்றார், யாரும் கேட்காமலே. கடைசியில் புள்ளித் தகடு. மட்டைத் துண்டொன்றைச் சாய்வாகக் கிழித்து, தகட்டுக்கு மேலே வைத்து அழுத்தினார். மட்டை இருந்த இடத்தில் மட்டும் புள்ளி எழும்பியது, மற்ற இடம் வெறுமை.

"எழுத்தில்லை. மழை" என்று சிங்களத்தில் சொன்னார்.

இத்தனை நாள் எனக்கு ஒளித்த வித்தை அத்தனையையும், காக்கி உடுப்புப் போட்டவர்கள் சுற்றி நிற்க, ஒன்றும் விடாமல் காட்டிவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பெரியவர் கொஞ்சம் இளகினார். வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்றார். எழுதினார்கள், சிங்களத்தில். அன்ரிக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

"வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று என் கணவரிடம் நீட்டினார். இவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்ததும் அன்ரி பேனையை எடுக்கவில்லை. வாசலில் நின்ற, தமிழ் தெரிந்த கொன்ஸ்தாபிளைக் காட்டி, "இனி அவர் வாசிக்கட்டும். நீங்கள் வெளியால நில்லுங்கோ" என்றார்.

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். "என்னையும் நம்பல்லையா அன்ரி?"

"ஆரையும் இல்லை தம்பி. குறை நினைக்காதேங்கோ."

நான் உள்ளே நின்றேன். கொன்ஸ்தாபிள் வாசித்தார். பாதியில் அன்ரி கையைக் காட்டி நிறுத்தினார். "இதை அவர் சொல்லேல்லை."

ஒரு வரிதான். 'அச்சடிக்கும் இயந்திரமொன்றைத் தன்வசம் வைத்திருந்ததாக' என்று இருந்தது. என் கணவர் அதை வாசிக்காமல் தாண்டியிருக்கிறார்.

"அச்சடிக்கேல்லை. அழுத்திறது" என்றார் அன்ரி. "மாத்தி எழுதுங்கோ. இல்லாட்டி நான் வைக்கமாட்டன்."

பெரியவர் மேசையில் அடித்தார். சத்தம் போட்டார். அன்ரி கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அந்த வரியை வெட்டி, புதிதாக எழுதி, வெட்டிய இடத்தில் பெரியவரே கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு தமிழில் தன் பெயரை எழுதினார் அன்ரி.

இயந்திரத்தைத் திருப்பித் தந்தார்கள். புள்ளித் தகட்டை மட்டும் தரவில்லை.

வெளியே வந்ததும் இவர் சொன்னார், "கெதியா முடியட்டும்னுதான் அந்த வரிய விட்டேன் அன்ரி. சொன்னா நீங்க சண்ட புடிப்பீங்கன்னு பயம்." பிறகு என்னிடம் தனியாக, "அந்த வரி இருந்திருந்தா விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார்.

அன்ரி இயந்திரத்தை அணைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். பஸ் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்து, "என்னட்டை இயந்திரம் இருக்கெண்டு அவங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். கேள்வி இல்லை அது.

அதன் பிறகும் அட்டைகள் வந்தன, எங்கள் கடையை விட்டால் அவருக்கு வேறு இடமில்லை. ஆனால் படியேறி உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று தருவார், வாசலில் நின்று வாங்குவார். ஒருநாள் நேராகவே சொன்னார்: "உங்கட கடையிலயிருந்துதான் போயிருக்கு பிள்ளை. என்ரை தொழிலிலை கண் வைச்சது நீங்கள் ஒரு ஆள்தான்." நான் அழுதேன். அழுகையையும் அவர் உற்றுப் பார்த்தார், உப்புக் கரிக்குமா என்று பார்ப்பவர் மாதிரி.

சில கிழமை கழித்து, கடையில் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் வீட்டுக்கார அக்கா வந்தார். கொப்பி வாங்கவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாந்தாங்க" என்றார். "வீட்டுல யாரு இருக்காங்கன்னு பதியணும்னு சொன்னாங்க, பொலிஸுக்குப் போனேன். அந்தம்மா என்ன வேலை செய்றாங்கன்னு கேட்டாங்க. பேப்பர வச்சு மெஷின் சுத்துறாங்க, ஆனா எழுத்தே வராதுன்னு சொன்னேன். சிரிச்சிக்கிட்டேதாங்க சொன்னேன். அவங்க சிரிக்கல."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. என்னைப் பாத்தாலே அவங்களுக்குப் பத்தி எரியுது."

"சொன்னா வீட்ட விட்டுப் போயிருவாங்களே. எங்க போவாங்க? யாரு ரூம் குடுப்பா? இப்பதான் எங்கிட்ட கொஞ்சம் சிரிச்சுப் பேசுறாங்க. நான் வாய் வைக்காமலே சோறு சாப்பிடுறாங்கங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. எனக்கு என் நல்ல பெயர் வேண்டும்தான். ஆனால் அன்ரிக்கு ஒரு கூரையும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆளும் வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். என் கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே மலையேறிப் போய், கடையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்திருப்பார்.

யுத்தம் முடிந்தது. தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள். அன்றைக்கு எங்கள் கடைக் கதவைப் பாதி இறக்கியே வைத்திருந்தோம். வடக்குப் பாதை திறந்து கொஞ்ச காலத்தில், ஊரில் கிடக்கும் காணியைப் பார்க்கப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று அன்ரி சொல்லியனுப்பினார். ஒரு காலையில் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அன்ரியும் வீட்டுக்கார அக்காவும் இறங்கினார்கள். அக்காவின் கையில், பெட்ஷீற்றில் சுற்றிய இயந்திரம்.

அன்ரி படியேறி உள்ளே வந்தார். "இதை வைச்சிருங்கோ. ஓமந்தைச் சோதனைச் சாவடியிலை மறிச்சு, இது என்ன எண்டு கேட்டால், திரும்பவும் ஆர் செய்து காட்டிறது? எனக்கு ஏலாது."

"எனக்கா அன்ரி?"

"வேற ஆருக்கு? இதிலை கண் வைச்சது நீங்கள் ஒரு ஆள்தானே." கொஞ்சம் நிறுத்தினார். "போறன் பிள்ளை. இனிப் பயப்பிட ஒண்டுமில்லை. இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள்தானே?"

நான் அக்காவின் கையிலிருந்து இயந்திரத்தை வாங்கிக் கவுண்டரில் வைத்தேன்.

"இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. ஆனால் இயந்திரச் சத்தம் கேட்ட ஆக்கள் ரெண்டு பேர்தான். நீங்கள் கேட்டது பொலிஸிலை. மற்றது..." என்று மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். பகிடி மாதிரித்தான் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. அக்காவின் உதடு உலர்ந்து போனதை நான் கண்டேன்.

"நான்தான் அன்ரி" என்றேன். "பயத்துல சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

எந்த நாள், எந்தப் பொலிஸ்காரன், என்ன மொழியில் சொன்னீர்கள் என்றெல்லாம் கேட்பார் என்று காத்திருந்தேன். என்னிடம் ஒன்றுக்கும் பதிலில்லை. அன்ரி ஒன்றையும் கேட்கவில்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி மூச்சு விட்டார்.

"ஓம். எனக்கு அப்பவே தெரியும்."

என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். "உருளைக்கு எண்ணெய் போடாதேங்கோ. கடதாசியிலை கறை பிடிக்கும்" என்றார். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஆட்டோவில் ஏறினார். அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் பையை வாங்கி வைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோ சந்தைப் பக்கம் திரும்பி மறைந்தது.

நான் திரும்பினேன். உள்ளே, கடதாசி அடுக்கின் பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"நீயா சொன்ன?"

இல்லை என்றேன். வீட்டுக்கார அக்கா வந்ததையும், அவர் சொன்னதையும், நான் யோசித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சொல்லி முடித்ததும், "அப்ப இவ்வளவு நாளா எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்றார்.

அதையும் சொன்னேன். இவர் தலையை ஆட்டினார். பிறகு வெளியே போய், வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, "அக்கா அன்னைக்கு எத்தன மணிக்கு வந்தா? நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்டார்.